சாத்தூர் வீட்டுச் சாமி படங்கள்: பதினொன்றையும் பிரித்துப் பார்த்தபோது

சாத்தூரில் ஒரு பழைய வீட்டைப் பாகம் பிரித்தார்கள். நிலம், நகை, பாத்திரம் எல்லாம் பேசி முடிந்து, கடைசியில் பூசை அறையில் வந்து பேச்சு நின்றுவிட்டது. சுவரில் பதினோரு சாமி படங்கள். பழம்பொருள் வியாபாரி ஒருவர் வந்து, கண்ணாடிக்கு வெளியிலிருந்தே லட்சுமியையும் சரஸ்வதியையும் பார்த்துவிட்டு, "ரெண்டும் ரவிவர்மா. ஜோடியா குடுத்தா ஒரு லட்சத்து இருபதாயிரம் தாரேன். மத்ததையும் சும்மா சேத்துக் குடுத்துருங்க, எடுத்துட்டுப் போயிருதேன்" என்று சொல்லிப் போயிருந்தார். அதுவரை ஒட்டடை அடிக்கும்போது மட்டும் கவனித்த படங்கள். அந்த வார்த்தைக்குப் பிறகு மூன்று பிள்ளைகளுக்கும் அந்த இரண்டும் வேண்டும்.

நான் மதுரையில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறேன். பழைய படங்களைப் பிரித்து, தூசி எடுத்து, திரும்பச் சட்டம் போடுவது என் வேலையில் பாதி. அந்த வீட்டு மூத்த மகன் போனில் பேசினார். "விக்கிறதா வேண்டாமான்னு அப்புறம் பாப்போம். மொதல்ல கையில என்ன இருக்குன்னு தெரியணும்ல?" என்றார். சரியான கேள்வி. விலை பார்த்துச் சொல்கிறேன், ஆனால் ஒரு படத்தையும் நான் வாங்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். விலை சொல்கிறவனே வாங்குகிறவனாகவும் இருந்தால் அந்த விலையை யாரும் நம்பக் கூடாது.

கொண்டுபோன சாமான் அதிகமில்லை. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ், கள்ள நோட்டு பார்க்கிற ஊதா விளக்கு, குறடு, மென்மையான பிரஷ், அளவு டேப், வெள்ளைத் துணி. அறைக்குள் போவதற்கு முன் அந்த வீட்டு மதினி விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் படங்களை இறக்கவிட்டார். பிரித்துப் பார்க்கிற வேலை என்றாலும் அவை அந்த வீட்டில் கும்பிடுகிற படங்கள். அந்த நினைப்போடு தொட்டால் கை தானாக நிதானப்படும்.

லட்சுமி

தாமரையில் நிற்கும் லட்சுமி, பக்கத்தில் மாலை தூக்கிய யானை. ரவிவர்மா 1896-இல் வரைந்து, பிறகு அச்சாகித் தென்னாட்டில் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்த உருவம். நல்ல தேக்குச் சட்டம், ஓரத்தில் கொடி வேலைப்பாடு. பின்பலகையில் ஒட்டியிருந்தது 1936-ஆம் வருடத்துத் தினமணித் தாள். நிறம் மங்கி, பழுப்பேறி, மேலே வார்னிஷ் வெடித்த மாதிரி கீறல்கள். வியாபாரி ஏமாந்ததிலோ, ஏமாந்ததுபோல் பேசியதிலோ வியப்பில்லை. வெளியிலிருந்து பார்த்தபோது எனக்கும் அது பழைய படமாகத்தான் தெரிந்தது.

கண்ணாடியை எடுத்துவிட்டு லென்ஸை வைத்ததும் விஷயம் மாறியது. லட்சுமியின் கன்னத்தில் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் வரிசை தப்பாமல், புள்ளிக் கோலம் போட்டதுபோல் நின்றன. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் கூடிச் சின்னச் சின்னப் பூ வட்டங்களாகத் தெரிந்தன. இது ஆப்செட் அச்சு, போட்டோ எடுத்து இயந்திரத்தில் அடிக்கிற பிற்காலத்து முறை. கல்லில் வரைந்து அச்சடிக்கும் பழைய கல்லச்சில் புள்ளி இப்படி இருக்காது. கோதுமை ரவையைச் சிந்தியதுபோல் ஒழுங்கில்லாமல் இருக்கும். ஏனென்றால் அந்தப் புள்ளிகளை ஒரு ஆள் கல்லின் மேல் கையால் வைத்திருப்பார்.

அதைவிடத் தெளிவான சாட்சி அந்தக் கீறல்கள். விரலால் தடவினால் ஒன்றும் தட்டுப்படவில்லை. தாள் வழவழவென்று இருந்தது. லென்ஸில் பார்த்தால் ஒவ்வொரு கீறலும் அதே நான்கு நிறப் புள்ளிகளால் ஆனது. யாரோ ஒரு பழைய படத்தைப் போட்டோ எடுத்து, அதன் கறையும் வெடிப்பும் சேர்த்தே அச்சடித்திருக்கிறார்கள். பழைய படத்தின் முதுமையும் அச்சாகி வந்திருக்கிறது. கறையைப் பார்த்து வயதைக் கணிக்கிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

அறையை இருட்டாக்கி ஊதா விளக்கைப் பிடித்தேன். தாள் நீலமாகப் பளிச்சிட்டது. 1950-ஐ ஒட்டித்தான் தாளை வெளுப்பாகக் காட்டும் ஒளிரூட்டும் ரசாயனத்தைக் காகித ஆலைகள் சேர்க்க ஆரம்பித்தன. இப்படிப் பளிச்சிடும் தாள் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. பளிச்சிடாவிட்டால் பழையது என்று திருப்பிச் சொல்லக் கூடாது. அந்த ரசாயனம் சேராத தாள் இன்றும் வருகிறது.

அப்படியானால் 1936-ஆம் வருடத்துத் தினமணி எங்கிருந்து வந்தது? பலகையைத் திருப்பிப் பார்த்ததும் விளங்கியது. மரத்திலிருந்தும் தாளிலிருந்தும் ஊறுகிற அமிலம் பல வருடத்தில் பலகையின் உள்பக்கம் படத்தின் அளவுக்கு ஒரு பழுப்புத் தடம் விட்டுவிடும். இந்தப் பலகையில் இருந்த தடம் உள்ளே இருந்த படத்தைவிட இரண்டு பக்கமும் அரை அங்குலம் பெரியது. சட்டத்தில் பழைய ஆணி ஓட்டைகள் துருப்பிடித்துக் கறுத்து இருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் புது ஓட்டைகள், அவற்றில் துரு ஏறாத சின்ன ஆணிகள். சட்டம் பழையது, பலகை பழையது, உள்ளே இருந்த படம் மட்டும் மாறியிருக்கிறது.

இதைச் சொன்னதும் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கதவோரம் நின்ற மதினிதான் பேசினார்: "மேல ஓடு ஒழுகுச்சே, பெரியவன் பத்தாவது படிக்கையில. லட்சுமி படம் பூரா நனைஞ்சு ஊறிப்போச்சு. மாமாதான் சட்டத்த மட்டும் கொண்டுபோயி கடையில வேற படம் வச்சுட்டு வந்தாக. நனைஞ்ச படத்த நாந்தான் பிள்ளையார் கோயில் அரசமரத்தடியில வச்சுட்டு வந்தேன்." கணக்குப் பார்த்தால் அது 1990-களின் நடுப்பகுதி. சிதைந்த சாமி படத்தைக் குப்பையில் போட மாட்டார்கள். மரத்தடியில் வைப்பார்கள், இல்லை ஆற்றில் விடுவார்கள். அசல் லட்சுமி அப்படித்தான் போனாள்.

படத்துக்கு நான் எழுதிய விலை 300 ரூபாய். தேக்குச் சட்டத்துக்கு 2,500. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவரை வருத்தியது விலை இல்லை. அப்பா இதை யாரிடமும் சொல்லாமல் போய்விட்டாரே என்றுதான்.

சரஸ்வதி

அடுத்து இருந்ததும் அதே அளவுச் சட்டம், அதே கொடி வேலைப்பாடு. ஆனால் ஆணிகள் ஒரே தலைமுறை ஆணிகள். பலகையில் இருந்த தடமும் படமும் நூல் பிசகாமல் பொருந்தின. லென்ஸில் வரிசைப் புள்ளி இல்லை. வீணை பிடித்த விரல்களின் நிழலில் ரவை மாதிரிச் சிதறிய புள்ளிகள். தோலின் நிறத்துக்கு மட்டும் வெளிர் சிவப்பு, மஞ்சள், பழுப்பு, சாம்பல் என்று நான்கைந்து தனித்தனி மைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. முழங்கைப் பக்கம் ஒரு நிறம் மயிரிழை விலகி நின்றது. கற்களை மாற்றி மாற்றி அச்சடிக்கும்போது தாள் துளி நகர்ந்தால் வரும் விலகல் அது. தாள்மேல் துணி நெய்ததுபோன்ற மேடுபள்ளம், அதன்மேல் தேன் நிறத்துக்கு மாறிய வார்னிஷ். எண்ணெய் ஓவியம் மாதிரித் தெரிய வேண்டும் என்று செய்கிற வேலை இது. இந்த வகை அச்சுக்கு ஓலியோகிராஃப் என்று பெயர், அந்தப் பெயரே எண்ணெயிலிருந்து வந்ததுதான்.

இந்த வகை அச்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பவேரியாவின் சோல்ன்ஹோஃபன் பக்கம் கிடைக்கிற வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் கொழுப்பு மையால் வரைவார்கள். கல்லை நனைத்தால் வரையாத இடம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், வரைந்த இடம் மையைப் பிடித்துக்கொள்ளும். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதுதான் முழு வித்தையும். 1790-களின் கடைசியில் அலாய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்தது. பல நிறப் படமென்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். சில படங்களுக்குப் பத்துக்கு மேல் கல் போகும். ஒரு முகத்தைப் பத்து நிறமாகப் பிரித்து, எந்தக் கல்லில் எவ்வளவு புள்ளி என்று மனக்கணக்காகப் போட்டவர்களின் பெயர் படத்தில் எங்கும் இருக்காது. எனக்கு அது எப்போதும் உறுத்தும்.

ரவிவர்மாவிடம் உங்கள் ஓவியங்களை அச்சில் பரப்புங்கள் என்று யோசனை சொன்னவர்களில் ஒருவர், கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த மாதவ ராவ். 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கியது. பிறகு கார்லா குகைகளுக்குப் பக்கத்து மளவ்லிக்கு இடம் மாறியது. கடன் அழுத்த, அங்கே வேலை பார்த்த ஜெர்மானியர் ஃப்ரிட்ஸ் ஷ்லைஷருக்கு அதை விற்றார் ரவிவர்மா. அவர் 1906-இல் காலமான பிறகும் பல பத்தாண்டுகள் அச்சகம் ஓடியது. 1972-இல் தீப்பிடித்து அழிந்தது. ஆகவே 'ரவிவர்மா பிரஸ் படம்' என்றால் 'ரவிவர்மா காலத்துப் படம்' என்று பொருள் இல்லை. அவர் வரையாத எத்தனையோ படங்களும் அந்த அச்சகத்தில் வந்தன. அவர் வரைந்தவற்றையே எத்தனையோ வேறு அச்சகங்களும் போட்டன. வரைந்தவர் யார், அச்சிட்டவர் யார், எப்போது அச்சிட்டது என்ற மூன்றையும் தனித்தனியாகக் கேட்காதவர்கள்தான் லட்சக்கணக்கில் பேசுகிறார்கள்.

இதற்கெல்லாம் பதில் வழக்கமாகக் கீழ் ஓரத்து வெள்ளைப் பட்டையில் இருக்கும். படத்தின் பெயர், அச்சகத்தின் பெயர், ஊர். இந்தச் சரஸ்வதிக்கு அந்தப் பட்டை இல்லை. சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று நாலு பக்கமும் வெட்டியிருக்கிறார்கள்.

இது எங்கள் தொழிலில் பரம்பரையாக நடந்த தப்பு. சட்டத்துக்குத் தக்கபடி படத்தை வெட்டுவது சுலபம், படத்துக்குத் தக்கபடி சட்டம் செய்ய மரம் வேண்டும், நேரம் வேண்டும். பழைய படங்களில் பாதிக்கு மேல் இப்படி ஓரம் இழந்துதான் என் கைக்கு வருகின்றன. எங்கள் ஆட்கள் ஒரு நிமிடத்தில் கத்தரித்துப் போட்டது அந்தப் படத்தின் பிறப்புச் சான்றிதழை.

ஆனால் வெட்டியவர் கை கொஞ்சம் நடுங்கியிருக்கிறது. கீழ் ஓரத்தின் இடது பக்கம், சட்டத்தின் பள்ளத்துக்குள் மறைந்திருந்த இடத்தில், நெல் அகலத்துக்கு வெள்ளைப் பட்டை மிச்சமிருந்தது. அதில் ஆங்கில எழுத்துகளின் மேல்பாதி. அக்காவையும் தம்பியையும் கூப்பிட்டு லென்ஸில் பார்க்கச் சொன்னேன். எழுத்தின் மேல்பாதி இருந்தால் பெரும்பாலும் படித்துவிடலாம். 'ஆர்' மேல்பாதியில் 'பி' போலத்தான் தெரியும். அடுத்து 'ஏ'-யின் கூர்முனை, 'வி'-யின் இரண்டு கொம்பு, 'ஐ'-யின் ஒற்றைக் கோடு. கொஞ்சம் இடம் விட்டு மறுபடி 'வி'-யின் கொம்பு. ரவி வர்மா. அதற்கப்புறம் பட்டை சாய்ந்து போய்விட்டது. தம்பி சத்தமாகப் படித்துவிட்டு, தானே கண்டுபிடித்ததுபோல் சிரித்தார்.

படத்தின் அளவு சுமாராக இருபதுக்குப் பதினாலு அங்குலம், அந்த அச்சகத்தின் வழக்கமான பெரிய அளவு. தாள் ஊதா விளக்கில் மங்கலாகவே இருந்தது. மேல் வலது மூலையில் ஈரக்கறை, மயிலின் தோகைப் பக்கம் பழுப்புப் புள்ளிகள், அடியில் வெள்ளிப்பூச்சி அரித்த தடம். முகமும் கையும் பழுதில்லை. ரவிவர்மா பிரஸ், கல்லச்சு, 1936-ஐ ஒட்டியோ அதற்கு முந்தியோ அச்சானது என்று எழுதினேன். லட்சுமியின் பலகையில் ஒட்டிய தினமணி அந்த வருடத்தது, இரண்டும் ஒரே கடையில் ஒன்றாகச் சட்டம் போட்டவை என்பதால்தான் அந்த வருடம். அதற்கு மேல் வருடத்தைக் குறுக்க அந்த அரை வரி போதாது. பருத்தி விற்கத் தாத்தா பம்பாய் போய் வந்தவர் என்பது வீட்டுப் பேச்சு. படம் வந்த வழிக்கு அது பொருந்துகிறது.

இன்றைக்கு விற்றால் வீட்டுக்காரர் கைக்கு 11,000 ரூபாய் வரும் என்று கணித்தேன். ஓரம் வெட்டுப்படாமல் இருந்திருந்தால் 25,000 சொல்லியிருப்பேன். கடையில் போய் இதே படத்தை வாங்கினால் இதைப்போல் இரண்டு மடங்கு கேட்பார்கள். வியாபாரிக்கு இடம், முதலீடு, காத்திருப்பு எல்லாம் இருக்கிறது. 'என்ன விலை' என்று கேட்கும்போது வாங்கும் விலையா விற்கும் விலையா என்று முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

யசோதை

வியாபாரி 'சும்மா சேர்த்துக் குடுங்க' என்றாரே, அந்த ஒன்பதில் ஒன்று இது. யசோதை பால் கறக்கிறாள், பின்னால் கிருஷ்ணன் நிற்கிறான். யசோதையின் சேலை முழுக்க உண்மையான பட்டுத்துணி வெட்டி ஒட்டியது. ஓரத்தில் சரிகை. கிருஷ்ணன் கழுத்தில் பாசிமணி, நெற்றியில் சம்கி, இடுப்பில் மெல்லிய சல்லாத் துணி மடிப்பு மடிப்பாக. பூசை அறையின் இருட்டு மூலையில், எண்ணெய்ப் புகை படிந்த கண்ணாடிக்குப் பின்னால் இருந்ததால் யாருக்கும் கண்ணில் படவில்லை.

அச்சுப் படத்துக்கு இப்படி உடை தைத்து ஒட்டுவது அந்தக் காலத்தில் பல ஊர்களில் நடந்தது. செட்டிநாட்டு வீடுகளில் நிறையப் பார்க்கலாம். கோயிலில் மூர்த்திக்கு அலங்காரம் செய்வதுபோல வீட்டுப் படத்துக்குச் செய்தது. ஆயிரக்கணக்கில் அச்சான தாள், இந்தக் கைவேலைக்குப் பிறகு இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றாகிவிடுகிறது. சேகரிப்பவர்கள் இதைத் தேடுவதும் அதனால்தான்.

துணியை ஒரு நூல்கூட நான் தூக்கவில்லை. பழைய பசை காய்ந்து உதிரும் நிலையில் இருக்கும். துணி மூடாத இடங்கள், அதாவது முகம், கை, பசுவின் வயிறு போதும். மூன்றிலும் ரவைப் புள்ளி. இந்தப் படத்துக்கு ஓரம் முழுதாக இருந்தது. கீழே அச்சகத்தின் பெயர், அதோடு விற்றவர் பெயர்: அனந்த் சிவாஜி தேசாய், மோதி பஜார், பம்பாய். ரவிவர்மா பிரஸ் படங்களை விற்ற பெயர்பெற்ற கடை அது. பல படங்களில் இந்த வரி வரும்.

அக்கா படத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இந்த மாம்பழ மஞ்சள் பட்டு… ஆச்சியோட சேலை ஒண்ணு டிரங்குப் பெட்டியில கெடக்கு, பாத்திருக்கேன். முந்தியில எலி கடிச்ச மாதிரி ஒரு துண்டு இருக்காது. நாங்க எலின்னுதான் நெனச்சோம்" என்றார். மதினி போய் எடுத்து வந்தார். பாச்சா உருண்டை வாசனையோடு சேலை விரிந்தது. முந்தானைக்குப் பக்கத்தில் கைக்குட்டை அளவு சதுரம் இல்லை. எலி கடித்தால் ஓரம் பிசிறு பிசிறாக இருக்கும். இது கத்தரி வைத்து நேராக வெட்டியது. கண்ணாடி இல்லாத படத்தின் பக்கத்தில் சேலையைப் பிடித்தேன். நிறம் சரியாகப் பொருந்தவில்லை. படத்திலிருந்த துணி வெளுத்திருந்தது, பெட்டியில் இருந்தது பளிச்சென்று இருந்தது. ஆனால் சரிகையில் ஓடிய ருத்திராட்சக் கட்டம் இரண்டிலும் ஒன்று. கட்டத்தின் அகலத்தையும் இடைவெளியையும் டேப் வைத்து அளந்தேன், ஒத்துப்போனது.

ஆக, அலங்காரம் கடையில் செய்ததில்லை, அந்த வீட்டு ஆச்சி செய்தது. இதற்கு நான் எழுதிய விலை 30,000. பதினொன்றில் இதுதான் அதிகம். சேலையோடு சேர்ந்து இருந்தால்தான் அந்தக் கதைக்கு ஆதாரம் இருக்கும், இரண்டையும் பிரித்துவிடாதீர்கள் என்று குறிப்பில் அடிக்கோடு போட்டேன்.

மற்ற எட்டு

புல்லாங்குழல் கிருஷ்ணன் படத்தின் ஓரத்தில் பிரிஜ்பாசி, கராச்சி என்றும், ஜெர்மனியில் அச்சிட்டது என்றும் ஆங்கிலத்தில் இருந்தது. கராச்சி முகவரி என்பதால் பிரிவினைக்கு முந்தியது. இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939-க்குப் பிறகு ஜெர்மனியிலிருந்து இங்கே படம் அச்சாகி வர வழியில்லை. அந்த நிறுவனம் கராச்சியில் தொடங்கியது 1920-களில். ஆகவே அந்தப் பதினைந்து இருபது வருடத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஓரத்து வரிக்கு இவ்வளவு பலம். நிறம் அப்படியே இருக்கிறது, நடுவில் ஒரு மடிப்பு. 3,500.

வள்ளி தெய்வானையோடு முருகன். கீழ் மூலையில் கொண்டையராஜுவின் கையெழுத்து. இந்தப் படத்தின்மேல் எனக்குத் தனிப் பிரியம், அதை மறைக்க விரும்பவில்லை. மயிலாப்பூரில் 1898-இல் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, ரமணர் ஆசிரமத்தில் இருந்து, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதி, 1940-களில் கோவில்பட்டியில் வந்து தங்கியவர். சுப்பையா, அருணாசலம், ராமலிங்கம் என்று மாணவர்களை வளர்த்தார். திரைச்சீலை எழுதிய கை என்பதை அவர் படத்தில் பின்னணி மண்டபத்தையும் திரையையும் பார்த்தாலே சொல்லிவிடலாம். சாத்தூருக்கு ஒரு பக்கம் கோவில்பட்டி, இன்னொரு பக்கம் சிவகாசி. ஒரு ஊரில் வரைந்து, அடுத்த ஊரில் அச்சாகி, நடுவில் இருந்த ஊரில் சுவரில் ஏறியிருக்கிறது.

1922-இல் சண்முக நாடாரும் அய்ய நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அப்படி வளர்ந்த சிவகாசி அச்சகங்கள்தான் பிறகு தென்னாட்டுக்கே காலண்டர் சாமியைக் கொடுத்தன. இந்த முருகனுக்கு நான் 1,200 போட்டேன். அவர் படங்கள் அச்சான எண்ணிக்கை மிக அதிகம், அதனால் விலை ஏறவில்லை. தகுதிக்கும் விலைக்கும் இங்கே தொடர்பே இல்லை என்பது என் கருத்து.

காலண்டரிலிருந்து தேதித் தாளைக் கிழித்துவிட்டுச் சட்டம் போட்டவை நான்கு. இவற்றில் தேதி இல்லை, ஆனால் தேதிக்குப் பதிலாக வேறு சில இருந்தன. ஒன்றில் கடை விளம்பரத்தில் மூன்று இலக்கத் தொலைபேசி எண், பின்கோடு இல்லை. பின்கோடு 1972 ஆகஸ்டில் வந்தது. இன்னொன்றில் பின்கோடு இருந்தது, மேலே 'முருகன் துணை' என்பதில் 'ணை' பழைய வடிவம், துதிக்கை தூக்கிய மாதிரி வளைந்த கொம்போடு. எழுத்துச் சீர்திருத்த ஆணை 1978-இல் வந்தது. எனவே இது 1972-க்கும், தோராயமாக 1980-க்கும் நடுவில். தோராயம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், ஆணை வந்த மறுநாளே எல்லா அச்சகமும் பழைய அச்செழுத்தைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. ஆனால் மற்றத் திசையில் உறுதியாகச் சொல்லலாம்: சாமி காலண்டரில் புது 'ணை' இருந்தால் அது 1978-க்கு முந்தியதில்லை. பெரியாரின் பத்திரிகைகளில் 1930-களிலேயே அந்த எழுத்து வந்துவிட்டது, ஆனால் அங்கே 'முருகன் துணை' அச்சாகியிருக்காது.

நான்கும் தலா 150 முதல் 400 வரை. கடைப் பெயர் ஊர்ப் பெயரோடு உள்ளதற்குக் கொஞ்சம் கூட, அந்த ஊர்க்காரர் யாராவது விரும்பி வாங்குவார். பழனி ராஜ அலங்காரப் போட்டோப் படத்துக்கும் வேளாங்கண்ணி மாதா படத்துக்கும் சந்தை விலை இல்லை. மாதா படம் எப்படி வந்தது என்று கேட்டேன். தம்பிக்குக் குழந்தையில் காய்ச்சல் விடாமல் அடித்தபோது அம்மா வேண்டிக்கொண்டு போய் வந்ததாம். மூலையில் நின்ற அந்தத் தம்பி, அது எனக்குத்தான் என்று உடனே சொல்லிவிட்டார். யாரும் மறுக்கவில்லை. 

கணக்கும் பங்கும்

எல்லாம் கூட்டினால் சட்டத்தோடு சேர்த்து ஐம்பதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. வியாபாரி சொன்ன ஒரு லட்சத்து இருபதாயிரம் கைக்கு வந்திருக்குமா? பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் பணம் என்று அவர் சொல்லியிருந்தார். பிரித்ததும் லட்சுமி புதுசு என்று தெரியும், ஜோடி உடையும், பேரம் அடிமட்டத்துக்கு வரும், ஏற்கெனவே 'சும்மா' என்று ஒத்துக்கொண்ட யசோதை வண்டியில் ஏறியிருப்பாள். அவர் மனதில் அதுதான் இருந்தது என்று நான் சொல்ல முடியாது. ஆனால் பெரிய தொகையை ஒரு படத்தின் மேல் காட்டிவிட்டு மற்றதை மொத்தமாகக் கேட்டால், மற்றதைத்தான் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சிங்கப்பூரில் இருக்கும் தம்பி சரஸ்வதியைக் கொண்டுபோக விரும்பினார். இதில் அரசாங்கச் சட்டம் குறுக்கே வருகிறது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, 100 வருடத்துக்குக் குறையாத கலைப்பொருளைத் தனிஆள் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. இந்தப் படம் 1936-ஐ ஒட்டியோ அதற்கு முந்தியோ அச்சானது என்று மட்டுமே என்னால் காட்ட முடிந்தது. நூறு தாண்டியிருக்கலாம், தாண்டாமலும் இருக்கலாம். தொல்லியல் துறையிடம் காட்டி, இது தொல்பொருள் இல்லை என்று சான்றிதழ் வாங்காமல் பெட்டியில் வைக்காதீர்கள் என்றேன். அவர் யோசித்துவிட்டு, அண்ணாச்சி வீட்டிலேயே இருக்கட்டும், எனக்கு ஒரு நகல் போதும் என்றார். நகல் எடுக்கலாமா என்று கேட்டார். ரவிவர்மா படத்துக்குத் தாராளமாக. இங்கே ஓவியருக்கு உரிமை அவர் ஆயுளும், இறந்த பிறகு 60 வருடமும். கொண்டையராஜு 1976-இல் காலமானவர் என்பதால் அவர் படத்துக்கு 2036 முடியும்வரை அந்த உரிமை இருக்கிறது. அதை அச்சடித்து விற்கக் கூடாது.

யசோதை சேலையோடு அக்காவுக்குப் போனது. மாதா படத்தைத் தவிர, மூன்று பேரும் உடனே ஒத்துக்கொண்டது அது ஒன்றில்தான். சரஸ்வதிக்கும் முருகனுக்கும் இரண்டு நாள் பேச்சு நடந்தது, கடைசியில் வீட்டிலேயே வைத்துக்கொள்வது என்று முடிந்தது. ஒன்றும் விற்கவில்லை.

மூன்றையும் நான் திரும்பச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். பழைய பலகை படத்தைத் தொடாதபடி நடுவில் அமிலம் இல்லாத அட்டை. கண்ணாடி படத்தில் ஒட்டாதபடி சுற்றிலும் மெல்லிய மரப்பட்டி இடைவெளி. வார்னிஷ் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் பிறகு பிரிக்கும்போது முகமே பெயர்ந்து வந்துவிடும். சரஸ்வதியின் கறையை எடுக்கவில்லை, நிறம் தீட்டவில்லை. அந்த நெல் அகல எழுத்துப் பட்டை தெரியும்படி சட்டத்தின் உள்பள்ளத்தைக் கொஞ்சம் செதுக்கினேன். குங்குமமும் சந்தனமும் கண்ணாடியில் வைக்கலாம், ஆனால் ஈரமாக வழியவிட வேண்டாம், விளக்குக்கு நேர் மேலே மாட்ட வேண்டாம் என்று மதினியிடம் சொன்னேன். வெளிச்சுவரில் மாட்டாமல் உள்சுவரில் மாட்டச் சொன்னேன்; மழைக்காலத்தில் ஓதம் வெளிச்சுவரில்தான் ஏறும்.

லட்சுமி படத்தை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. முப்பது வருடமாகக் கும்பிட்ட படம் அது, பழைய இடத்திலேயே போய் ஏறியது. அதன் பின்பலகையை மாற்றவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் ஒட்டியதுபோல் அதற்கும் பின்னால் ஒரு சீட்டு ஒட்டினேன். அதில் எழுதியது இது: "படம் ஆப்செட் மறுபதிப்பு, 1990-கள். சட்டம், பலகை, தினமணித் தாள் 1936. பலகையின் உள்பக்கம் தெரியும் பழுப்புத் தடம் முன்பு இருந்த லட்சுமி படத்தினுடையது. பலகையைக் கழற்றி எறிய வேண்டாம்."